சங்கு கேட்கிற வீடு

வீட்டுத் தரகு மூலதனம் வேண்டாத தொழில் என்பார்கள்; அதை நம்பாதீர்கள், ஓயாமல் செருப்பு வாங்க வேண்டும்.

வாடகை வீட்டில் குடியிருந்து, சுவரில் ஆணி அடித்ததற்குத் திட்டு வாங்கி, ஊரிலிருந்து வந்த விருந்தாளியை வீட்டுக்காரர் கண்ணில் படாமல் கொல்லைப்புறமாக உள்ளே கூட்டி வந்த என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பழமொழி சொன்னவர் வாடகை வீடு தேடிப் பார்க்காத புண்ணியவான். தேடியிருந்தால் மற்ற இரண்டையும் பழமொழியில் சேர்த்தே இருக்கமாட்டார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிற்பாடு சில வருஷங்கள் நான் இந்தத் தொழிலில் இருந்தேன். பெரிய மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு காப்பிக் கடை பெஞ்சுதான் என் ஆபீஸ். அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி நான் பட்ட பாடுகளில் சில இவை.

ஊரில் பாதி வீட்டுக்குச் சொந்தக்காரர்

கொடி மாறியதும் மெட்ராஸிலிருந்து ஆபீசர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் உடனே வீடு வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒருவர் தரகர் என்றாலே முகம் சுளிப்பவர். "உங்களுக்கு எதுக்கு ஒரு மாச வாடகை தண்டம்? நானே தெருத்தெருவாப் போய்ப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. போங்கள் என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து வாடிய முகத்தோடு பெஞ்சுக்கு வந்தார். "இந்த ஊர்ல ஏ. லூயர்னு ஒரு வெள்ளைக்காரர் இருக்காராமே, அவரை எங்கே பிடிக்கிறது?" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. "என்ன தரகர் நீர்! எந்தத் தெருவுல பூட்டின வீட்டைப் பார்த்தாலும் கதவுல அவர் பேர்தான் தொங்குது. ஊர்ல பாதி வீடு அவருது. மாதா கோயில்ல விசாரிச்சேன், போஸ்டாபீஸ்ல விசாரிச்சேன், யாருக்கும் தெரியலைங்கறாங்க" என்றார். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. வீடு வாடகைக்கு என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘அ லுவே’ என்பார்கள். அதை A LOUER என்று எழுதித் தொங்கவிட்டால் இங்கிலீஷ் படித்தவர் கண்ணுக்கு அது ஏ. லூயர் என்றுதான் தெரியும். நிலவரத்தை மெதுவாக எடுத்துச் சொன்னேன். மனிதர் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்போ முந்தாநாள் அவருக்கு நான் போட்ட லெட்டர் யார் கைக்குப் போயிருக்கும்?"

சாவி கொடுக்க வேண்டாத கடிகாரம்

ஆபீசர்களுக்கு வாடகைக்கென்று தனியாகப் படி உண்டு. அதை முகர்ந்து பார்த்த வீட்டுக்காரர்கள் வாடகையைத் தென்னை மரத்தில் ஏற்றினார்கள். ஊருக்குத் துணி நெய்கிறவன், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவன், கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவன், இவர்களெல்லாம் ஊரில் வேலை செய்யலாம், ஊரில் படுக்க மட்டும் கூடாது என்று ஆகிவிட்டது. எனக்கு வயிறு எரியும். ஆனால் தரகன் வயிறு எரிந்தால் யார் கேட்கிறார்கள்?

இந்த நிலைமையில்தான் கோதண்டம் வந்தான். கனகசெட்டிக்குளத்துப் பக்கம் வேர்க்கடலை, அதாவது எங்கள் ஊர் மணிலாக் கொட்டை, பயிர் செய்கிற குடும்பம். மில்லில் தறி ஓட்ட வந்தவன். தை மாதம் கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் மனைவி அஞ்சலை ஊரில் அவள் அம்மா வீட்டிலும், இவன் மில் பக்கத்தில் கூட்டாளிகளோடு ஒரே அறையிலும் இருந்தார்கள். பகல் ஷிப்ட்காரன் எழுந்தால் ராத்திரி ஷிப்ட்காரன் அதே பாயில் படுப்பான். பெண்டாட்டியைக் கூட்டி வருகிற இடமா அது? "ஒரே ஒரு ரூம் போதும்ணே. ஆனா சங்கு கேக்கணும்" என்றான். மில் ஊதுகிற சங்கு இருக்கிறதே, முதல் சங்குக்கு எழ வேண்டும், இரண்டாம் சங்குக்குக் கிளம்ப வேண்டும், மூன்றாவதுக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். மூடிய கேட்டுக்கு வெளியே அடிக்கடி நின்றால் வேலை போய்விடும். "அதுக்குப் பதிலா ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளேன், எங்கே வேண்டுமானாலும் வீடு பார்க்கலாம்" என்று நான் சாமர்த்தியமாக யோசனை சொன்னேன். கோதண்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "கடியாரத்துக்கு நாம சாவி குடுக்கணும்ணே. சங்குக்கு மொதலாளி குடுக்கறாரு."

கேட்கக்கூடாத கேள்வி

மில்லுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பின்கட்டு காலி என்று தகவல் வந்தது. வீட்டம்மா ஒரு முதலியார் வீட்டு அம்மாள். என்ன பேச வேண்டும், எப்படிக் கும்பிட வேண்டும் என்றெல்லாம் வழி நெடுகக் கோதண்டத்துக்குப் பாடம் சொல்லித்தான் கூட்டிப்போனேன். அந்த அம்மாளுடைய கணவர் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அம்மாள் கதவைத் திறந்ததும் கோதண்டம் பாடத்தை எல்லாம் மறந்தான். அவனுக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டான்: "அம்மா, இங்க சங்கு சத்தம் நல்லாக் கேக்குங்களா?" சாவு வீட்டில் ஊதுவதும் சங்குதான் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. அம்மாளின் முகம் செக்கச் செவேலென்று ஆயிற்று. நான் குறுக்கே விழுந்து மில்லு, தறி, ஷிப்ட் என்று என்னவெல்லாமோ உளறினேன். எதுவும் எடுபடவில்லை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் அந்த அம்மாள் சொன்னாள்: "இன்னும் ஊதலப்பா. ஊதறன்னிக்கி ஒனக்கும் சொல்லி அனுப்பறேன், வந்து தூக்கு."

தலையணை ஆபீசர்

மில்காரன் என்றால் வீடு இல்லை என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஸ்டிரைக் வந்தால் வாடகையும் ஸ்டிரைக் ஆகிவிடும் என்று பயம். சரி, ஊரோடு ஒத்து வாழ்வோம் என்று நான் ஒரு தந்திரம் செய்தேன். ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டுக்காரரிடம், "மில்லில் ஒரு சின்ன ஆபீசர்" என்று சொல்லி வைத்தேன். என் மைத்துனனுடைய கோட்டைக் கோதண்டத்துக்குப் போட்டுவிட்டேன். கோட்டு அவனுக்கு முழங்கால் வரை வந்தது. சங்கு அவ்வளவு தூரம் கேட்காதே என்று அவன் முனகினான். முதலில் வீடு கிடைக்கட்டும், காது அப்புறம் என்று அடக்கினேன்.

கோதண்டம் வாயைத் திறக்கவே இல்லை. நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். வீட்டுக்காரரும் திருப்தியாகத்தான் தலையாட்டிக்கொண்டு வந்தார். வராந்தாவில் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தது. கோதண்டத்தின் தலையிலிருந்தும் புருவத்திலிருந்தும் பஞ்சு கிளம்பி அவர் முன்னால் மிதந்தது. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறான். பாவி, கோட்டைப் போட்டுக்கொண்டவன் தலையைத் தட்டிக்கொள்ளவில்லை! வீட்டுக்காரர் அந்தப் பஞ்சைக் கையில் பிடித்து, விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "என்னா தரகரே, இவரு தலகாணி ஆபீசரா?"

காற்று பார்த்துக் குடியேறுவது

குருசுக்குப்பத்தில் ஒரு மீனவர், பெயர் மாசிலாமணி, கூரை வீடு ஒன்றைத் தருவதாகச் சொன்னார். மில்காரன் என்றதும் முகம் சுளிக்காத முதல் மனிதர். ஆனால் குப்பம் ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. சங்கு கேட்குமா? "தெக்கத்திக் காத்துல கேக்கும்" என்றார் மாசிலாமணி. "வாடைக் காத்துல?" என்று கேட்டேன். அவர் வலையை உதற ஆரம்பித்தார்.

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று மூன்று பேரும் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து மத்தியான ஷிப்ட் சங்குக்காகக் காத்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. திடீரென்று நீளமாக ஒரு ஊதல். கோதண்டம் எகிறிக் குதித்து, "கேட்டுச்சிண்ணே! தெளிவாக் கேட்டுச்சி!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். அவன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. மாசிலாமணி மட்டும் அசையாமல் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "அது மில்லு இல்ல தம்பி, கப்பலு. அது என்னிக்கி வருதோ அன்னிக்கி நீ வேலக்கிப் போலாம்."

அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு

ஆனி மாதம் கடைசியில் ஒரு நாள் தலையில் மணிலாக் கொட்டைக் கூடையோடு ஓர் அம்மாள் என் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். கோதண்டத்தின் மாமியார் பூங்காவனம். புருஷன் இல்லை, இருக்கிற துண்டு நிலத்தில் தானே பாடுபட்டு ஒரே பெண்ணை வளர்த்தவள். கூடவே அஞ்சலையும் வந்திருந்தாள். நான் மாமியாரைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

பூங்காவனம் விஷயத்துக்கு நேராக வந்தாள். ஆவணி பிறக்கும்போது வீடு இருந்தால் பெண்ணை அனுப்புவாள். இல்லையென்றால் மாப்பிள்ளை மில்லை விட்டுவிட்டு ஊருக்கு வந்து அவளுடைய ஏரைப் பிடிக்க வேண்டும். அதுவும் மாட்டேன் என்றால் உறவை அத்துவிடுவதுதான் வழி, பஞ்சாயத்தில் பேசிக்கொள்ளலாம். "மில்லு வேலைக்காரன்னு நம்பித்தானம்மா குடுத்தீங்க, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்றேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு என் தொழில் மேலேயே கோபம் வந்தது. பூங்காவனம் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஊரே சிரிக்குதுய்யா. ஆடிக்குப் புதுப்பொண்ண அழைக்கணும். நான் எங்கேருந்து அழைக்கறது, அடுப்பங்கரையிலேருந்து கூடத்துக்கா?"

ஆடி இல்லாத வீடு

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மி பறந்தாலும் பறக்கும், ஆபீசர் குடும்பம் நகராது. ஆகவே எனக்கு அது பட்டினி மாதம். அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தபோது சூசை என்கிற சொல்தா என்னைத் தேடி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் வீட்டுப் பின்கட்டு காலி. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. மில் மதில் பக்கத்திலேயே வீடு. சங்கு ஊதினால் ஓடு அதிரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஏற்கனவே இரண்டு ஆபீசர்கள் ஓடியிருந்தார்கள். இப்போது வருகிறவர்களெல்லாம் ஆவணியில் பார்க்கலாம் என்று போய்விடுகிறார்கள் என்று மீசையை முறுக்கினார்.

எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. ஆடியில் போட்டிக்கு ஆளே இல்லை! ஓடிப்போய்க் கோதண்டத்தை இழுத்து வந்தேன். சொல்தா அவனை நேராக நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தார். வாடகையும் கட்டுப்படியாகிற வாடகைதான். "ஆனா சம்சாரத்தோட வரணும். தனி ஆம்பளக்கி நோன், கெடையாது. இவன் ஒருத்தன்னு வருவான், பின்னால ஒரு ரெஜிமெண்டே வரும்" என்றார். கோதண்டம் தலையைச் சொறிந்தான். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆடியில் ஒரே வீட்டில் இருக்கக்கூடாதே! பெண் தாய்வீட்டில்தானே இருக்க வேண்டும்? ஆவணி முதல் தேதி வரை வீட்டை நிறுத்தி வைக்கும்படி நான் கெஞ்சினேன். சொல்தா கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். "என் வூட்டுக்கு ஆடி கெடையாது, ஆவணி கெடையாது. ஒண்ணாந்தேதிதான் உண்டு. நாளைக்கி ஒண்ணாந்தேதி, குடும்பம் வரணும், இல்லன்னா பூட்டு தொங்கும்."

தாய்வீடு எது

அன்றைக்கே வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு நானும் கோதண்டமும் கனகசெட்டிக்குளத்துக்குப் போனோம். ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்து ஆளையே சாய்த்தது. சைக்கிளை மிதித்ததைவிடத் தள்ளியதுதான் அதிகம். விஷயத்தைச் சொன்னதும் பூங்காவனம் எங்களை மேலே பேச விடவில்லை. ஆடியில் பெண்ணை அனுப்புவதா? சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பம் ஆடிப்போய்விடாதா? கோதண்டம் வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் ஆடி. கையில் கிடைத்தது வாய்க்கு எட்டாமல் போகப்போகிறது.

அதுவரை பேசாமல் கொட்டை உரித்துக்கொண்டிருந்த அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தாள். "ஆடியில நான் அம்மாவோட இருக்கணும், அவ்ளோதான? எங்க இருக்கணும்னு யாரு சொன்னது?" என்று கேட்டாள். அவள் எழுந்து நின்று அம்மாவிடம் தீர்மானமாகச் சொன்னாள்: "நீ எங்க இருக்கியோ அதான் எனக்குத் தாய்வூடு. கெளம்பு, ரெண்டு பேரும் டவுன்ல போயி ஆடி இருப்போம்."

வெளியே நிற்கிற குடித்தனக்காரன்

மறுநாள் மாட்டு வண்டியில் பூங்காவனம், அஞ்சலை, ஓர் உரல், இரண்டு கோழி ஆகிய எல்லோரும் சொல்தா வீட்டில் வந்து இறங்கினார்கள். நடுவீட்டில் விளக்கேற்றி இது என் வீடு என்று பூங்காவனம் மூன்று தடவை சொல்லிக்கொண்டாள், ஆடி காதில் விழட்டும் என்று. கோதண்டம் பழையபடி கூட்டாளிகளோடு இருந்தான். ஷிப்ட் முடிந்ததும் வந்து பின்பக்கச் சந்தில் நின்று ஜன்னல் வழியாகப் பெண்டாட்டியோடு பேசுவான். ஜன்னலுக்கும் அஞ்சலைக்கும் நடுவில் மாமியார் உட்கார்ந்து கீரை ஆய்வாள்.

சொல்தா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் என் பெஞ்சுக்கே வந்துவிட்டார். பட்டாளத்தில் எத்தனையோ தேசம் பார்த்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். "வாடக குடுக்கறவன் வெளியில நிக்கறான், மாமியா உள்ள உக்காந்து காவல் காக்கறா. நீ எனக்குக் குடித்தனம் புடிச்சிக் குடுத்தியா, கைதி புடிச்சிக் குடுத்தியா?"

தெருவைச் சுற்றி ஒரு மறுவீடு

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தாய்வீட்டிலிருந்து பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு முறைப்படி அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே வீடு. ஆகவே வெற்றிலை, பழம், புதுப்புடவை வைத்த தட்டோடு பூங்காவனம் தெருக்கதவு வழியாகப் பெண்ணை வெளியே அனுப்பினாள். கோதண்டமும் அஞ்சலையும் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, அதே கதவில் வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்தார்கள். மாமியாரே உள்ளே ஓடிப்போய் ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஊரிலிருந்து மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் யாரும் வந்திருக்கவில்லை. நாலு சுவரும் ஒரு கூரையும் ஒரு மனிதன் முகத்தை அப்படி மாற்றும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. சொல்தா விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டு என் காதில் சொன்னார்: "கல்யாணமே ரெண்டு நிமிஷத்துல முடியும் எங்க கோயில்ல. நீங்க வூடு மாறவே ஊர்வலம் போறீங்க."

கிடைத்ததும் கிடைக்காததும்

அதற்குப் பிறகு கோதண்டத்தை நான் கார்த்திகையில்தான் பார்த்தேன். பஞ்சு ஒட்டின புருவத்தோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். வேலைக்கு ஒரு நாள் கூடப் பிந்தவில்லையாம், மேஸ்திரியே மெச்சினாராம். அஞ்சலைக்கும் மில்லிலேயே நூல் சுற்றுகிற வேலை கிடைத்திருந்தது. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் மனிதன் தூங்கி வழிந்தான்.

மெதுவாக விசாரித்தேன். பூங்காவனம் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே ஊருக்குப் போகவில்லை. குழாயைத் திருப்பினால் தண்ணீர் வருகிற ஊரை விட்டு யார் போவார்கள்? டவுனில் நம்மவனுக்கு வீடு இருக்கிறது என்ற சேதி கனகசெட்டிக்குளத்தில் பரவியதும் பெரியப்பா மகன் மில் வேலை தேடி வந்தான். அவன் கூட்டாளி ஆஸ்பத்திரி வேலை தேடி வந்தான். அஞ்சலையின் அத்தை மகன் எந்த வேலை என்று சொல்லாமலே வந்தான். எல்லோரும் வேலை கிடைத்து வீடு பார்த்துக்கொண்டு போகிற வரைக்கும்தான் இருப்பார்கள். வேலை எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. வீடுதான், உங்களுக்கே தெரியுமே. புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போகிறார்களாம். "போகச் சொல்லக் கூடாதா?" என்று எரிச்சலாகக் கேட்டேன். "எங்கண்ணே போவச் சொல்றது?" என்றான். இரண்டு பேரும் காப்பி குடித்தோம். எழுந்து போகும்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வூடு கெடச்சிடுச்சிண்ணே. எடந்தான் கெடைக்கல."

வீட்டுத் தரகன் என்பவன் இருக்கிற வீட்டை இல்லாதவனுக்குப் பிடித்துக் கொடுப்பவன் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்; ஊரில் இல்லாத வீட்டை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுப்பவன் என்பது தொழிலை விட்ட பிறகுதான் விளங்கியது.